அந்தியேட்டிக்கு மறுநாள்

"மேடம், பொன்னந்தி கம்பெனி சேர்மன் என்னை ஆறுதலுக்குக் கூப்பிடுறாரு," என்றேன், பங்கு வாங்குகிறவன்போலப் பேசி ஃபோனை வைத்துவிட்டு. "இன்னும் ஒரு பங்குகூட வாங்கல. அதுக்குள்ள ஆறுதல். போன வருஷம் செகண்ட் போர்டு ஷேர்ல நான் காசு விட்டப்போ எந்தச் சேர்மனும் கூப்பிடல லா."

மார்க்கிரட் மேடம் குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். மேடம் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. நான் அப்துல் மஜீத். கார் ஓட்டுவது, வேறு ஆள்போல ஃபோனில் பேசுவது, தேவையில்லாத இடத்தில் வாயைத் திறப்பது, இவை என் வேலைகள். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது.

"அவர் சொன்னத அப்படியே சொல்லு," என்றார் மேடம்.

"'வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை.' அவ்வளவுதான். வெச்சிட்டாரு."

பென்சில் நின்றது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே போகிற பஸ்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் சொல்ல மாட்டார் என்பதும் தெரியும்.

வழக்கு இதுதான். புனிதவதி என்கிற பெண் மெல்பர்னில் கணக்காய்வாளர். அவளுடைய அப்பா கனகசபை, புள்ளிவிவர இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் தனியாக இருக்கிறார். அந்த வீட்டை விற்று 'பொன்னந்தி' என்கிற கம்பெனியில் போடப்போகிறார். வரும் வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீஸில் கையெழுத்து. வீட்டில் அம்மாவின் பங்கு மகள் பேருக்கு வந்திருப்பதால், அவளும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அதற்காகத்தான் அப்பா அவளை வரச் சொல்லியிருந்தார்.

பொன்னந்தியின் விளம்பரத் தாளை அவள் எங்கள் மேசையில் போட்டிருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதியிருந்தார்கள். 'இன்று நாடு இளமையாக இருக்கிறது. எல்லாரும் கொண்டோ வீடுகளிலும் மோட்டாரிலும் பணம் போடுகிறார்கள். உங்கள் அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள்? உங்களுக்கு எத்தனை? அவர்களில் எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள்? இருபத்தைந்து வருடத்தில் இந்த நாட்டில் எதற்குத் தட்டுப்பாடு வரும் என்று யோசியுங்கள்.' கீழே, தெலுக் பங்லிமா காராங்கில் எழும்பப்போகும் முதியோர் குடியிருப்பின் படம். பூஞ்செடி, நீரூற்று, சிரிக்கிற கிழவர்கள்.

"நான் அந்த இடத்துக்குப் போய்ப் பாத்தன்," என்றிருந்தாள் புனிதவதி. "ஒரு போர்டு மட்டும் நிக்குது. பின்னால முழுக்கச் செம்பனைத் தோட்டம். அந்தப் பாலன் எண்ட ஏஜெண்ட்தான் அப்பாவை மயக்கி வச்சிருக்கிறான். நான் கையெழுத்துப் போடாமல் விடலாம். ஆனா அப்பா டிவியைப் போட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார். இது ஏமாத்து எண்டதுக்கு ஆதாரம் எடுத்துத் தாங்கோ. அவரை என்னோட கூட்டிக்கொண்டு போறன்."

"நீங்க முன்னமே கவனிக்கலையா?" என்று நான் கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

அவள் முகம் சிறுத்தது. "அம்மாட அந்தியேட்டி முடிஞ்ச அண்டைக்கே எனக்கு ஃப்ளைட். அதுக்குப் பிறகு அப்பா தனிய என்ன செய்யிறார் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? பகலில லைப்ரரிக்குப் போறன் எண்டுதான் இப்பவும் சொல்லுறார்."

அந்தியேட்டி என்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். இறந்து முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. அதுவரைக்கும் வீட்டில் ஆள் நிறைந்திருக்கும். அன்றைக்கு ஐயர் வருவார், சமையல் நடக்கும், இறந்தவர் பேரில் அச்சடித்த சிறு புத்தகம் கொடுப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். நான் தமிழ் முஸ்லிம். மேடம் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். ஆனாலும் மேடத்துக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

பொன்னந்தியில் பணம் போட்ட மூன்று பேரின் வீடுகளுக்கு அந்த வாரத்தில் போனோம். மூன்று பேரும் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்கள். மூன்று பேருமே துணையை இழந்தவர்கள். கடைசியாகப் பார்த்தது பங்சாரில் முத்துக்குமாரு என்பவரை. ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸராக இருந்தவர். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பாலன் எப்ப முதல்ல வந்தவர்?" என்றார் மேடம்.

"மனிசியின்ர அந்தியேட்டி முடிஞ்ச மறுநாள். காலமை எழும்பி வாசலைப் பாக்கிறன், என்ர செருப்பு மட்டும்தான் கிடக்குது. ஒரு மாசமா அந்த வாசலில கால் வைக்க இடமில்லை. அப்பதான் அந்தப் பெடியன் வந்தான்."

மற்ற இரண்டு வீட்டிலும் இதே பதில்தான் கிடைத்திருந்தது. அந்தியேட்டிக்கு மறுநாள்.

"கழுகாவது உடனே வந்துடும்," என்று மேடத்தின் காதில் முணுமுணுத்தேன். "இவன் பேப்பர்ல மரண அறிவித்தலப் பாத்து, கூட்டம் கலையிறவரைக்கும் காத்திருக்கான்."

முத்துக்குமாருவிடம், "புகார் குடுங்க அங்கிள், நாங்க உதவி செய்றோம்," என்றேன்.

"புகாரோ? எதுக்கு? நான் ஞாயிறுக்கு ஞாயிறு போய் என்ர முதலீட்டைப் பாத்திட்டுத்தானே வாறன்."

"அங்க செம்பனைதானே இருக்கு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, முதலீட்டைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

செகண்ட் போர்டு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். எங்கே போய்ப் பார்க்கிறார் என்று மேடம் கேட்டதற்கு, பங்குதாரர் அல்லாதவர்களிடம் சொல்வதற்கில்லை என்று எழுந்துவிட்டார். ஏமாந்தவர்கள் அழுது பார்த்திருக்கிறேன், திட்டிப் பார்த்திருக்கிறேன். கம்பெனி ரகசியம் காப்பாற்றி அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை கிள்ளானுக்குப் போனோம். விளம்பரத் தாளில் இருந்த அலுவலகம் தெங்கு கிளானா சாலையில், பூமாலைக் கடைகளுக்கு மேலே. கதவில் பூட்டு. எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். மேடம் ஒரே தேத்தண்ணியை ஆற வைத்து ஆற வைத்துக் குடித்தார். நான் இரண்டு தோசையும் ஒரு ரொட்டி சானாயும் முடித்தபோது ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. முப்பது வயது இருக்கும், குண்டான ஆள், கழுத்தில் டை, காலில் ஜப்பான் சிலிப்பர். பாலன்.

அவன் மாடிக்கு ஏறவில்லை. பக்கத்தில் இருந்த ஹார்ட்வேர் கடைக்குள் நுழைந்தான்.

"தாம்புக் கயிறு வாங்குவான்," என்றேன். "பணத்த மூட்டை கட்டணுமே."

அவன் வாங்கியது குளியலறைச் சுவரில் பதிக்கிற இரும்புக் கைப்பிடிகள். ஒன்றை எடுத்துக் கடை மரச்சட்டத்தில் மாட்டச் சொல்லி, இரண்டு கையாலும் பிடித்து, மொத்த உடம்பையும் விட்டுத் தொங்கிப் பார்த்தான். சட்டம் முனகியது. கடைக்காரரும் முனகினார். பாலன் தலையாட்டிவிட்டு வேறொன்றைக் கேட்டான்.

"ஓடிப்போகப் போறவன் கைப்பிடியில தொங்கிப் பார்ப்பானா, மஜீத்?" என்றார் மேடம். எழுந்து, சாலையைக் கடந்து, கடைக்குள் போய்விட்டார். நானும் ஓடினேன்.

"தம்பி, இதுல எது நல்லது? வீட்டுல ஒருத்தருக்கு வேணும்," என்றார் அவனிடம்.

பாலனின் முகம் மலர்ந்துவிட்டது. "வழுவழுன்னு இருக்கறத எடுக்காதீங்க ஆன்டி. பார்க்க அழகா இருக்கும், ஈரக் கைக்கு வழுக்கும். இந்தச் சொரசொரப்பு உள்ளத எடுங்க. ஆள் எவ்வளோ உயரம்?"

"என் உயரம்தான்."

"அப்ப இடுப்புக்கு நேரா மாட்டுங்க. விலை கூடன்னு பார்க்காதீங்க லா."

மேடம் அதையே வாங்கினார். நடிப்பதற்குக் காசு செலவழிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அப்போது நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"இந்த வேலையில ரொம்ப அனுபவம் போல," என்றார் மேடம்.

"முன்ன என்சைக்ளோபீடியா வித்தேன் ஆன்டி. கதவத் தொறந்தாலே பெரிய விஷயம். இப்ப எங்க சேர்மன் நல்ல மனுசன். போற வீட்டுல அவசரப்படாத, 'ஆறுதலா கதைச்சிட்டு வா'ன்னு அனுப்புவாரு. நானும் போய் எனக்குத் தெரிஞ்ச ஆறுதல் எல்லாம் சொல்லுவேன். அவங்க போட்டோ ஆல்பம் காட்டுவாங்க. பார்ப்பேன். சில வீட்டுல மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தான் விடுவாங்க. பங்கப் பத்திப் பேச நேரமே இருக்காது. அடுத்த வாரம் அவங்களே ஃபோன் போட்டு, நான் வாங்கறேன்னு சொல்லுவாங்க."

மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். ஆனால் கண் சிரிக்கவில்லை. பாலன் சாமான்களை வேனில் ஏற்றப் போனதும், கடை ஃபோனில் புனிதவதியைக் கூப்பிட்டு டாக்சி பிடித்து வரச் சொன்னார். பாலன் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினான். ரப்பர் விரிப்பு, தலையணை, ஒரு சுவர்க் கடிகாரம். அவன் வேனை எடுத்தபோது புனிதவதி எங்கள் பழைய டட்சன் காரின் பின் சீட்டில் இருந்தாள்.

வேன் விளம்பரப் போர்டைத் தாண்டியும் நிற்கவில்லை. ஃபேக்டரிகள் முடிகிற இடத்தில் ஒரு மண் பாதைக்குள் திரும்பியது. அங்கே தோட்ட மேனேஜர் காலத்துப் பழைய பங்களா ஒன்று. கூரையில் புதுத் தகரம். கேட்டில் ஒரு பலகை: 'முதலீட்டாளர்கள் மட்டும்.'

வராந்தாவில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா அவருடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். உள்ளே எங்கேயோ கேரம் காய் விழுந்தது, யாரோ யாரையோ கள்ளன் என்றார்கள். மேடம் எதையும் பார்க்காமல் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். படி முழுக்கச் செருப்புகள். கால் வைக்க இடமில்லை.

"எங்க அந்தச் சேர்மன்?" என்றாள் புனிதவதி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்புகளைத் தாண்டி உள்ளே போய், மூலை அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே மேசைமேல் ஒரு ஃபோன். அதற்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள் அவள்.

கனகசபை எழுந்து நின்றார். மேலதிகாரி வந்துவிட்டால் எழுந்து நிற்பார்களே, அப்படி. "லைப்ரரி இண்டைக்குப் பூட்டு," என்றார். பிறகு, பொய் இனி எடுபடாது என்று தெரிந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் மேடம் பக்கம் திரும்பினேன். "மேடம், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"'ஆறுதலா'. உனக்கும் பாலனுக்கும் அது துக்கத்துக்குச் சொல்ற வார்த்தை. எங்க ஆளுங்க வாயில அதுக்கு வேற அர்த்தம். மெதுவா, அவசரமில்லாம. சேர்மன் உன்னை நிதானமா வரச் சொன்னாரு. பாலன நிதானமா பேசச் சொன்னாரு. அவன் போய் ஆறுதல் சொல்லிக்கிட்டு இருந்திருக்கான்."

கனகசபை திடுக்கிட்டுக் கதவில் நின்ற பாலனைப் பார்த்தார். "ஆறுதல் சொன்னனீயோ?"

"நீங்கதானே சொன்னீங்க சேர்மன்," என்றான் அவன்.

"யாழ்ப்பாணத்து ஆளுங்க ஆயிரம் பேர் இருக்காங்க," என்றேன் விடாமல்.

"எல்லார் வீட்டுக்கும் அந்தியேட்டிக்கு மறுநாள் பாலன் போயிருக்கான். இவர் வீட்டுக்கு மட்டும் யாரும் போகல." மேடம் அதைச் சொல்லும்போது புனிதவதியைப் பார்க்கவில்லை. "அந்த நாள் எப்படி இருக்கும்னு பேப்பரப் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது மஜீத். அந்த வாசல்ல ஒருத்தரா நின்னு பார்த்திருக்கணும்."

புனிதவதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "ஏனப்பா என்னட்டச் சொல்லேல்ல? நான் உங்களை யாரோ ஏமாத்துறாங்கள் எண்டு நினைச்சன்."

"என்னெண்டு சொல்லுறது பிள்ளை? முதியோர் இல்லம் எண்டு சொன்னால் எங்கட ஆக்கள் ஒருத்தரும் படி ஏறமாட்டினம். பிள்ளையள் விட்டிட்டினம் எண்டு சனம் கதைக்கும் எண்ட பயம். முதலீடு எண்டு சொன்னன். எல்லாரும் வருகினம். முதல்ல பாக்க வந்தவை. பிறகு மத்தியானம் நிண்டவை. இப்ப ரெண்டு பேர் வீட்டுக்குப் போறதே இல்லை." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "என்ர பேர் வெளியில வந்தால் முதல் கதை உன்னைப் பற்றித்தான் வரும். கனகசபையின்ர மகள் அவரைப் பாக்கேல்லை, அதால மனுசன் மடம் கட்டுறார் எண்டு. அதுதான் சேர்மன் ஆக்களுக்கு முகம் காட்டிறதில்லை. இங்க நானும் ஒரு பங்குதாரர் எண்டுதான் எல்லாரும் நினைச்சுக்கொண்டு இருக்கினம்."

"பங்கு பங்குன்னு வாங்கினாங்களே, லாபம் வருமா அங்கிள்?" என்றேன். அது யாராவது கேட்க வேண்டிய கேள்விதான்.

"வரும். நான் ஆக்களை எண்ணின மனுசன், எனக்குத் தெரியும். எங்கட தலைமுறை கிழடாகும், பிள்ளையள் வெளியில போவினம், வயசானவைக்குக் கட்டில் போதாது. இண்டைக்கு ஆரும் நம்பாயினம்." அதோடு அவர் குரலில் இருந்த சேர்மன் தோரணை போய்விட்டது. "அம்மா போன அடுத்த வருஷம் சென்சஸ் எடுக்க ஒரு பெட்டைப்பிள்ளை வந்தது. வீட்டில எத்தினை பேர் எண்டு கேட்டது. அந்தக் கேள்வியை நாடு முழுக்கக் கேக்க வச்சவன் நான். ஒண்டு எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ரெண்டு எண்டு சொல்லிப்போட்டன். அது ஒண்டுதான் நான் குடுத்த பிழையான கணக்கு."

புனிதவதி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னோட மெல்பர்னுக்கு வாங்கோவன் அப்பா," என்றாள்.

"நீயும் மருமகனும் காலமை போனால் இருட்டினாப் பிறகுதான் வருவியள். அங்கயும் கணக்கு ஒண்டுதான்." கோபமாகச் சொல்லவில்லை. "இந்தப் பங்களாக்காரர் நாளைக்குள்ள காசு வைக்காட்டி, தொழிற்சாலைக்காரருக்கு வேலையாள் விடுதிக்குக் குடுத்திடுவார். அதுக்குத்தான் வீட்டை விக்கிறன். நீ வேண்டாமெண்டால் விடு. இவை எல்லாரும் தங்கட தங்கட வீட்டுக்குப் போவினம்."

வராந்தாவில் பேப்பர் படிப்பது நின்றிருந்தது. கேரமும் நின்றிருந்தது. எவ்வளவு கேட்டார்களோ தெரியாது. புனிதவதி கதவு வழியாக அவர்களைப் பார்த்தாள், பிறகு வாசல் செருப்புகளை.

"நாளைக்கு வக்கீல் எத்தினை மணிக்கு வரச் சொன்னவர்?" என்றாள்.

சனிக்கிழமை அவளைச் சுபாங் விமான நிலையத்துக்கு நாங்கள்தான் கொண்டுபோனோம். போகும் முன் பங்களாவில் நிறுத்தச் சொன்னாள். முந்தின நாள் அவள் கையெழுத்துப் போட்டு, பங்களா பொன்னந்திக்கு ஆகியிருந்தது. கனகசபை ஒரு சூட்கேஸும் மனைவியின் படமுமாக அங்கேயே வந்துவிட்டார். முத்துக்குமாரு மேல் பட்டன் போட்ட சட்டையோடு வராந்தாவில் நின்று, அது தன் முதலீடு என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார்.

மேடம் காரிலிருந்து அந்தக் கைப்பிடிப் பொட்டலத்தை எடுத்துப் பாலனிடம் கொடுத்தார். அன்பளிப்பு என்று நினைத்துக்கொண்டேன். பாலன் அதைப் பிரித்து, மேடத்தின் இடுப்புக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டான்.

கேட்டில் அப்பாவும் மகளும் நின்றார்கள். அவர் அவளுடைய கைப்பையின் வாரைச் சரி செய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"ஆறுதலா வா பிள்ளை," என்றார்.

"ஆறுதலா இல்லையப்பா. கெதியா வாறன்."

"ஓம்," என்றார் அவர். கேட்டைச் சாத்தவில்லை.

சுபாங்கில் அவள் உள்ளே போய் மறைந்தபின் நாங்கள் திரும்பினோம்.

"கெதியான்னா என்ன மேடம்?"

"சீக்கிரம்."

"எவ்வளோ சீக்கிரம்?"

தலைக்கு மேல் ஒரு விமானம் ஏறியது. அது மெல்பர்ன் விமானமாக இருக்க முடியாது, இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் மேடம் குனிந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார்.

இந்தத் தொழிலில் முதல் தடவையாக நானே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். அதைக் கேலியாகக் கேட்கத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

"மேடம், அந்தக் கைப்பிடி யாருக்கு?"

"முதலீடு," என்றார் அவர். "ஆறுதலா ஓட்டு."